ஒண்ணாம் நம்பர் கூண்டு

டி.வி.யில் "கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது"னு ஃப்ளாஷ் நியூஸ் ஓடினா நீங்க என்ன பண்ணுவீங்க? நாளைக்கு காலேஜ் லீவா, இல்லையானுதானே பார்ப்பீங்க? நானும் அதே கட்சிதான்... அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்!

எனக்கு கடலூர். படிக்கிறது சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கேம்பஸ் எவ்வளவு பெரிசுனு நடந்து தேய்ஞ்ச செருப்புகளுக்குத்தான் தெரியும். ப்ளஸ் ஒன்ல கவர்மென்ட் கொடுத்த சைக்கிள் வீட்ல சும்மா துருப்பிடிச்சுக்கிட்டு இருந்தது. அதை ஓட்டிக்கிட்டே ஹாஸ்டல் போயிடலாம்னு ஒரு ஐடியா. சுமார் 45 கிலோமீட்டர். லீவுக்கு வந்திருந்த ரூம்மேட்டும் பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட ஒரு கியர் சைக்கிள் கடன் வாங்கிட்டான்.

அம்மாகிட்ட சொன்னா விடுவாங்களா? மேகம் கறுத்தாலே போன் போடுற ஆள். "பஸ்ல போறோம்மா"னு ஒரு பொய். தெருமுனை தாண்டியதும் பெடலை மிதிச்சோம். ஒண்ணாம் நம்பர் கூண்டுன்னா கடல்ல எங்கேயோ தூரத்துல ஏதோ உருவாகுதுனு அர்த்தம், நமக்கென்னனு ஒரு தெனாவட்டு.

ரூம்மேட் திருச்சி பக்கம். "உங்க ஊர்ல என்னடா இருக்கு?"னு வர்ற வழியெல்லாம் நக்கல். ரோஷம் வந்துடுச்சு. நெடுஞ்சாலையை விட்டு சைக்கிளை கேப்பர் மலைக்குத் திருப்பினேன்.

மலைன்னு பேர்தான், உண்மையில செம்மண் மேடு. மேலே முந்திரித்தோப்பு. நடுநடுவே மழை அறுத்த பள்ளங்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளைனு கேக் வெட்டி வெச்ச மாதிரி சுவர்கள். ஹாலிவுட் கௌபாய் படத்துல குதிரை ஓடுமே, அந்தப் பாலைவனப் பள்ளத்தாக்கோட குட்டித் தம்பி! இந்தப் பாறைக்கு புவியியல் புத்தகத்துல 'கடலூர் மணற்கல்'னே பேர். திருவக்கரையில கல்லாகிப்போன மரங்கள் கிடக்குதே... சுமார் 2 கோடி வருஷப் பழசு, அதுவும் இதே பாறையிலதான். சொன்னதும் ரூம்மேட் வாயைப் பிளந்துட்டான். எனக்குக் காலர் தூக்கிக்கிச்சு.

ஒரு பள்ளம் ரெண்டு ஆள் ஆழம் இருக்கும். கையை விரிச்சா ரெண்டு பக்கச் சுவரையும் தொடலாம். அதுக்குள்ளே சைக்கிளோட நின்னு போட்டோ எடுக்கணும்னு இறங்கிட்டான். நான் மேலே நின்னு க்ளிக் பண்ணிக்கிட்டு இருந்தேன். எங்க தலைக்கு மேலே வெறும் தூறல்தான். மேட்டுப் பக்கம் மட்டும் வானம் மை மாதிரி கறுத்திருந்தது.

முந்திரித்தோப்புல விறகு பொறுக்கிட்டிருந்த ஒரு பாட்டி கத்தினாங்க: "டேய் பசங்களா, மேல ஏறுங்கடா! தண்ணி வருது!" நாங்க சிரிச்சோம். தூறலுக்கு எவனாச்சும் ஓடுவானா?

முதல்ல பாம்பு மாதிரி ஒரு செந்தண்ணிக் கோடு. நான் "ஏறுடா"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள கணுக்கால். அடுத்த ரெண்டு நிமிஷத்துல முழங்கால். கடன் வாங்கின சைக்கிளை விட மனசில்லாம அவன் இழுக்கிறான். சுவர்ல கால் வெச்சா ஈர மண் பொலபொலனு சரியுது. பாட்டி விறகு கட்டுற கயிறை வீசினாங்க. அவங்களும் நானும் சேர்ந்து இழுத்து, சைக்கிளை விட்டுட்டு அவனை மட்டும் மேலே ஏத்தினோம். என் கை நடுக்கம் நிக்கவே ரொம்ப நேரமாச்சு.

"இந்தப் பள்ளம் எப்படி வந்துச்சுனு நெனச்ச? மம்பட்டி வெச்சா வெட்டுனாங்க? தண்ணி வெட்டினது. அது வர்ற வழியில போய் நின்னா?" - பாட்டி கேட்டதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை.

ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து படிச்சது இது. அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல ஆன்டிலோப் கேன்யன்னு ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. 1997 ஆகஸ்ட்ல திடீர் வெள்ளம் வந்து அங்கே 11 சுற்றுலாப் பயணிகள் செத்துப்போனாங்க. அவங்க நின்ன இடத்துல பெரிசா மழையே இல்லை. பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை, பள்ளத்தாக்கைப் பிடிச்சு இறங்கி வந்திருக்கு. நம்ம தலைக்கு மேலே இருக்கிற வானத்தை மட்டும் பார்த்தா போதாது பாஸ்!

அரை மணி நேரத்துல தண்ணி வடிஞ்சுது. சைக்கிள் இருபதடி தள்ளி, செயின் பூரா சேறோட கிடந்தது. தள்ளிக்கிட்டே நெடுஞ்சாலைக்கு வந்து, ஒரு பங்ச்சர் கடையில கழுவி, எண்ணெய் விட்டு, மறுபடி ஏறினோம். வடகிழக்குக் காத்து முதுகைப் பிடிச்சுத் தள்ளுச்சு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தானா ஓடி வந்த மாதிரி இருந்தது. ஆனா ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை.

பு.முட்லூர் தாண்டி வெள்ளாத்துப் பாலத்துல நின்னப்போ போன். அம்மா.

"பஸ் எங்கப்பா வருது? மழையா அங்கே?"

2015 நவம்பர் ஞாபகம் வந்தது. நெய்வேலியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேலே கொட்டித் தீர்த்த மழை. எங்க தெருவுல அம்மாவுக்கு இடுப்பளவு தண்ணி. எனக்கு சின்ன வயசு. மேடான இடம் வர்ற வரைக்கும் ஒரு கையில என்னையும் இன்னொரு கையில ரேஷன் கார்டு இருந்த பையையும் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. அன்னிலேர்ந்துதான் மழைன்னா போன். அதை வெச்சு எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன்! அம்மா அன்னிக்குத் தாண்டினதுல கால்வாசிகூட இருக்காது, நான் அன்னிக்குப் பார்த்த தண்ணி.

"அம்மா, நான் பஸ்ல வரலைம்மா. சைக்கிள்"னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாங்கனு காதை போன்லேர்ந்து கொஞ்சம் தள்ளியே வெச்சிருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்தப் பாட்டிக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுத்தியா?"னு கேட்டாங்க.

குடுக்கலை. பேர்கூடக் கேட்கலை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனப்போ அரைக் கிலோ அல்வா வாங்கிக்கிட்டு கேப்பர் மலை போனேன். பஸ்லதான்! பாட்டியைக் கண்டுபிடிக்க முடியலை. அல்வாவை அம்மாகிட்டயே குடுத்துட்டேன்.

நீங்க சைக்கிளை எடுங்க, ஊர் சுத்துங்க, வேண்டாம்னு சொல்லலை. ஐப்பசி, கார்த்திகையில கிளம்புனா கூண்டு நம்பரை ஒரு தடவை பாருங்க. மொத்தம் 11 இருக்கு. ஒண்ணாம் நம்பர்லயே நான் பட்டது போதும். அப்புறம், எங்கே போறோம்னு வீட்ல உண்மையைச் சொல்லிட்டுக் கிளம்புங்க!