பேய் ரெப்பும் எங்கள் பிள்ளைகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசித்தால் நல்லது.

பதுளை டவுனில் ஓடும் த்ரீவீல்களிலும் பிள்ளைகளின் டிக்டொக்கிலும் ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். மாட்டு மணியை வேகமாக அடிப்பது போல டங் டங் என்று வரும். பின்னால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரி ஒரு கரகரத்த குரல். அதற்குப் பெயர் ஃபொங்க். கார் வீடியோவுக்குப் போடும் மியூசிக் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குரலின் வேர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் இருக்கிறது. 1990களில் அங்கே கறுப்பின இளைஞர்கள் வீட்டிலேயே கசெட்டில் பதிந்து விற்ற பேய் ரெப் அது. பிணம், மயானம், கத்தி, சைத்தான், இவைதான் விஷயம். அந்த ஊர்க்காரர்களான த்ரீ 6 மாஃபியா குழுவினர் 2006இல் ஒஸ்கார் விருதே வாங்கினார்கள் (வேறொரு பாட்டுக்கு). முப்பது வருடம் கழித்து அந்தச் சத்தம் நம்முடைய ஹாலிஎல சந்தி வரைக்கும் வந்துவிட்டது.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை மவ்லவிமாரிடம் விட்டுவிடுவோம். அது வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள் என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்களுக்குள் இது பேச்சானது ஒரு கணிதக் கொப்பியால். தோட்டத்திலிருந்து வரும் தரம் 10 பிள்ளை ஒருவன் பின்பக்கங்களில் முழுக்க ரெப் வரிகளாக எழுதி வைத்திருந்தான். இரத்தம், மண்டையோடு, வெட்டுவேன், புதைப்பேன். ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கருத்து. போனைப் பறிக்கச் சொல்லுங்கள் என்றார் ஒருவர். பிள்ளைக்கு ஜின் பார்வை என்றார் இன்னொருவர், பாதி பகிடியாக, பாதி நிஜமாக. கடைசியில் உட்கார்ந்து கொப்பியை முழுக்க வாசித்தோம். முக்கால்வாசி யூடியூபிலிருந்து இறங்கியது. அவன் கத்தியைக் கண்டதெல்லாம் அம்மா மரக்கறி வெட்டும்போதுதான். ஆனால் நடுவில் மூன்று வரி அவனுடையது. ராத்திரி மழையில் லயன் தகரம் சத்தம் போடும்போது சுவர் மூச்சு விடுவது போல் இருக்கிறது என்று எழுதியிருந்தான். அதை வாசித்த பிறகு யாருமே பகிடி விடவில்லை.

இந்தப் பாட்டில் பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கிறது என்பது எங்களுக்கு அங்கேதான் விளங்கியது. பயமாக இருக்கிறது என்று ஒரு பொடியன் வாய் திறந்து சொன்னால் கூட்டாளிகள் விடமாட்டார்கள். நானே பேய், என்னைப் பார்த்து நீ பயப்படு என்று பாடினால் அது கெத்து. 1994இல் கிரேவ்டிகாஸ் என்ற குழு ஓர் அல்பம் போட்டது. புதைகுழி தோண்டுகிறவர்கள் என்று அர்த்தம். இசைக் கம்பனியோடு கசந்துபோய், இனி நம் கதை முடிந்தது என்று இருந்த நால்வர்தான் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பு, 1991இல், ஹூஸ்டன் நகரத்துக் கெட்டோ போய்ஸ் பாடிய பிரபலமான பாட்டில் பேயே கிடையாது. தூக்கம் வராதவனின் சந்தேகம், யாரோ பின்னால் வருகிறார்கள் என்ற நினைப்பு. நாம் வஸ்வாஸ் என்று சொல்வது அதைத்தான். அதிலிருந்து பாதுகாப்புத் தேடத்தானே சூரத்துன் நாஸ் ஓதிவிட்டுப் படுக்கிறோம்.

ஆனால் இந்த வகைப் பாட்டு அந்த இடத்தில் நிற்பதில்லை. அதே கெட்டோ போய்ஸின் முந்திய அல்பத்தை, பெண்களைக் கொல்லும் வரிகள் இருந்ததால், ஒரு பெரிய கம்பனி விநியோகிக்க மறுத்தது. அந்த மறுப்பில் பிழை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. அக்குழுவின் புஷ்விக் பில் ஒரு கண்ணில் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கேயே எடுத்த படத்தை அல்பத்துக்கு அட்டையாகப் போட்டார்கள். பின்னாளில் அவரே அதை நினைத்து வருந்தினார். பயத்தை விற்கத் தொடங்கினால் நேற்றைய பயம் இன்று போதாது. இன்னும் கொஞ்சம் இரத்தம் கூட்ட வேண்டும், பிறகு இன்னும் கொஞ்சம்.

சிங்கள ஊர்களில் தொவில் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிய விடிய பெர அடித்து, முகமூடி போட்டு, யக்காவை அழைப்பார்கள். அவனோடு பகிடி பேசி, அவனைச் சிறுப்பித்து, விடியும்போது அனுப்பியும் விடுவார்கள். அழைப்பதற்கு மட்டும் தெரிந்து அனுப்பத் தெரியாத தொவில்தான் இந்தப் பேய் ரெப்.

இன்னொரு குறையும் உண்டு. இந்தப் பாட்டுகளில் வரும் பிணத்துக்குப் பெயர் கிடையாது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒப்பாரியில் பெயர் வரும், உறவு வரும், அவர் நட்ட மரம் வரும். நம் மார்க்கத்தில் ஓலமிட்டு அழுவது இல்லை. ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யில் அறிவு ரெப் பாடுகிறார், உள்ளே ஒப்பாரியின் சாயல் கேட்கிறது. நம்முடைய நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் பெயரும் அந்தப் பாட்டோடு உலகம் சுற்றியது.

இந்த மாவட்டத்தில் பயத்துக்குப் பஞ்சம் இல்லையே. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தால் லயம் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அதில் முனியும் இல்லை, மஹசோனாவும் இல்லை. 2020இல் நம் மையத்துக்களுக்குக் கபுர் இல்லை என்று சொன்னார்களே, அந்த மாதங்களில் நம் வீடுகளில் இருந்த பயத்தை எந்த மெம்பிஸ் கசெட்டாலும் தர முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் நம் பிள்ளைகளைப் பார்த்தே ஆட்கள் பயந்தார்கள். பேயாகப் பார்க்கப்படுவது எப்படி என்று நமக்குத் தெரியும். அதனால் இன்னொரு பிள்ளை கறுப்பு உடுப்புப் போட்டு மண்டையோடு வரைந்தான் என்பதற்காக அவனைப் பேயாக்க அவசரப்பட வேண்டாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. பிள்ளை பாட்டு எழுதுவது வேறு, சாப்பாடு குறைந்து, பேச்சு நின்று, செத்தால் நல்லது என்று வாயால் சொல்வது வேறு. இரண்டாவதைக் கண்டால் தாயத்துக் கட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது எங்களிடம் வாருங்கள். இரகசியம் எங்களோடு இருக்கும்.

போனைப் பறிக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். இம்முறை தமிழ்மொழித் தினத்துக்குப் பிள்ளைகளே ரெப் எழுதிப் பாடப் போகிறார்கள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறோம். பாட்டில் யாராவது செத்தால் அவருக்குப் பெயர் இருக்க வேண்டும், ஊர் இருக்க வேண்டும். தோட்டத்துப் பக்கம் பழைய ஒப்பாரி தெரிந்த அப்பாயி, அம்மாயி யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். போனில் பதிந்து அனுப்பினாலும் சரி, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்களே வந்து கேட்டாலும் சரி.