மௌன ராகம் ரூம்

மனைவி பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போனாள். நான் சும்மா இருப்பேனா? எங்கள் சின்ன ரூமை 'மௌன ராகம்' ரூமாக மாற்றிவிடத் தீர்மானித்தேன்.

நான் பிறப்பதற்கு முன்பே, 1986-ல் வந்த மணிரத்னம் படம். எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. பி.காம். படித்தவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான்! அந்த டெல்லி வீட்டுக்குள் பி.சி.ஸ்ரீராம் ஜன்னல் வழியாக வெளிச்சத்தை விடுவார் பாருங்கள்... அடடா!

ட்யூப்லைட்டைக் கழற்றினேன். மஞ்சள் பல்பு, மெல்லிசாக வெள்ளை ஸ்க்ரீன், ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி. செலவு 3,850 ரூபாய். வரவு, எலெக்ட்ரீஷியன் பார்த்த ஒரு மாதிரியான பார்வை.

மனைவி வந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

"எப்படி? அப்படியே மோகன் - ரேவதி வீடு மாதிரி இல்ல?"

"இருக்கு. அந்த வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் சரியாப் பேசிக்கவே மாட்டாங்க. அது நம்ம வீட்டுல ஏற்கெனவே இருக்கே... அதுக்கு எதுக்கு நாலாயிரம் ரூபா?"

சுருக்கென்றது. பத்து நாளில் அவளுக்கு இரண்டு தடவைதான் போன் பண்ணியிருந்தேன். அதிலும் ஒன்று, சுத்தியல் எங்கே என்று கேட்க!

அப்போதுதான் கவனித்தேன். ரூமில் நான் போட்டிருந்தது ஒரே ஒரு நாற்காலி.

மறுநாளே இன்னொன்று வாங்கினேன். தினமும் ராத்திரி எட்டரைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறோம். பெரும்பாலும் கரண்ட் பில் பற்றித்தான். பரவாயில்லை. மோகன் ஓடும் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு நாற்காலியோடு போயிற்று!