சட்டம் இல்லாத கதவு

ஜூன் 5

பாரிமுனை, தேவராஜ முதலி தெரு. குளியலறையில் குளிக்கும் பகுதியைப் பிரிக்கச் சட்டம் இல்லாத கண்ணாடித் தடுப்பும் கதவும் வேண்டும் என்றேன். கடைக்காரர் கண்ணாடிப் பேச்சையே எடுக்கவில்லை. "சுவர் என்ன சுவர்ங்க மேடம்? செங்கல்லா, வெள்ளைக் கல்லா?" என்றார். புது அடுக்ககங்களில் கட்டுகிற ஏஏசி பிளாக்கைத்தான் வெள்ளைக் கல் என்கிறார். எங்களுடையது பழைய கட்டடம், செங்கல். "அப்ப கவலையில்லை" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அவர் கவலைக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லி தடிமனுக்கும் இரண்டரை கிலோ. இரண்டடி அகலம், ஆறரை அடி உயரத்தில் 10 மில்லிக் கதவு என்றால் 30 கிலோ வந்துவிடும். அலுமினியச் சட்டம் இருந்தால் நாலு பக்கமும் தாங்கும். இதில் இரண்டே கீல்கள். திறக்கும்போதும் மூடும்போதும் அந்த எடை முழுவதும் சுவருக்குள் இறங்கியிருக்கும் சில ஸ்க்ரூக்களைப் பிடித்து இழுக்கிறது. வெள்ளைக் கல்லில் அந்தத் துளை நாளடைவில் இளகி, கதவு ஒரு பக்கம் தொங்கிவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் கீல் வரும் உயரத்தில் முன்கூட்டியே கான்கிரீட் வைத்துவிட்டு அதன்மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டுமாம். டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் என்று அலுத்துக்கொண்டார்.

8 மில்லியா, 10 மில்லியா என்பதில் எனக்குக் குழப்பமில்லை. 10 மில்லி கைக்குக் கெட்டியாக, பார்க்கப் பணக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் தினமும் அதை இழுக்கப்போவது அம்மாவின் மணிக்கட்டு. 8 மில்லி போதும். ஆறு கிலோ மிச்சம். விளிம்பில் பச்சை தெரியாத எக்ஸ்ட்ரா கிளியர் வகையையும் காட்டினார். கண்ணாடியில் உள்ள இரும்பின் சாயல்தான் அந்தப் பச்சை. இருந்துவிட்டுப் போகட்டும்.

மிச்சம் பிடித்ததைக் கீலில் போட்டேன். மலிவான கீல்கள் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோம் பூசியவை. எங்கள் போர் தண்ணீரின் உப்புக்கு அவை கொப்புளித்துவிடும். பித்தளை அல்லது 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்க வேண்டும். பித்தளைக் கீலைக் கையில் எடுத்தாலே கனம் சொல்லிவிடுகிறது.

ஜூன் 8

அம்மாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "குளிக்கிற இடத்துல எதுக்குடி கண்ணாடி? மேல் வீட்ல தானா வெடிச்சுதே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. இரவில் யாரும் தொடாமலே உடைந்தது. ஆனால் காலையில் அள்ளியபோது கூரான துண்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கற்கண்டு போலப் பொடிச்சில்லுகள். டஃப்பன்ட் கண்ணாடி அப்படித்தான் உடையும், உடைய வேண்டும். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும்; உள்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேல்பரப்பை அழுத்தத்தில் இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தால்தான் நாலைந்து மடங்கு வலு. அதை ஓரிடத்தில் மீறி விரிசல் உள்ளே போய்விட்டால் மொத்தமும் ஒரே நொடியில் சிதறும்.

தானாக உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும். பொருத்தும்போது தரையில் இடித்த சின்ன மூளி, அல்லது கீலின் உலோகம் ரப்பர் இல்லாமல் கண்ணாடியைத் தொடுவது. அபூர்வமாக, கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்பைடு துகள் மெல்ல விரிந்து உடைப்பதும் உண்டு. அதற்காகவே ஆலையில் மறுபடி சூடாக்கி, உடைவது அங்கேயே உடையட்டும் என்று சோதிக்கும் ஹீட் சோக் முறை இருக்கிறது. கூடுதல் செலவு, கேட்டால்தான் செய்வார்கள். கேட்டேன். அம்மாவிடம் சில்லுக் கதையை மட்டும் சொன்னேன்.

ஜூன் 14

டைல்ஸ் மேஸ்திரியோடு வாட்டம் பற்றி வாக்குவாதம். அவர் அறை முழுவதற்கும் ஒரே வாட்டம் கொடுக்கப் பார்த்தார். கண்ணாடிக் கதவின் அடியில் இடைவெளி இருக்கும். அங்கே ஒட்டும் பட்டை தெறிப்பைத்தான் தடுக்கும், தேங்கும் நீரைத் தடுக்காது. அதனால் குளிக்கும் பகுதிக்குத் தனி வாட்டம், எல்லையில் கிரானைட் கட்டை, அதன் தலையும் உள்பக்கம் லேசாகச் சரிந்து. கட்டையின் உயரத்தை மட்டும் குறைத்துக்கொண்டோம், அம்மா கால் தடுக்கக் கூடாது.

ஷோரூம் படங்களில் வாளி இருப்பதே இல்லை. எங்கள் வீட்டில் வாளி, சொம்பு, முக்காலி மூன்றும் உள்ளே போயாக வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து கையை வீசினால் கண்ணாடியில் படக் கூடாது. இதைப் பார்த்துத்தான் தடுப்பு வரும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

ஜூன் 20

அளவெடுக்க ஆள் வந்தார். டைல்ஸ் காய்ந்து முடிந்த பிறகே வருவேன் என்று சொன்னவர். டஃப்பன்ட் செய்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது. கீலுக்கான வெட்டு, கைப்பிடித் துளை எல்லாம் உலைக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மேல், நடு, கீழ் என்று அகலம் எடுத்தார். ரசமட்டத்தைச் சுவரில் வைத்து, "மேல ரெண்டு நூல் அவுட்டு மேடம்" என்றார். கால் அங்குலம். மேஸ்திரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் நூல் பிடித்துத்தான் ஒட்டினாராம். இரண்டு பேரும் மாறி மாறித் தூக்குக்குண்டு தொங்கவிட்டார்கள். கடைசியில் சுவர் ஓரமாக நிலையாக நிற்கும் கண்ணாடியை அந்தச் சரிவுக்கேற்ப வெட்டுவது, கதவை நேர் மூலையாகவே விடுவது என்று முடிவானது.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதை நானே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை விழுந்தவரின் உடம்பே அடைத்துவிடும்.

ஜூலை 2

கண்ணாடி வந்தது. முதலில் மூலையைப் பார்த்தேன். டஃப்பன்ட் முத்திரை அழியாமல் பதிந்திருந்தது. முத்திரை இல்லையென்றால் வண்டியோடு திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பொருத்த வந்த பிள்ளைகள் அட்டையும் ரப்பரும் விரித்து அதன்மேல் நிறுத்தினார்கள். அம்மா கதவோரம் நின்று, "மெதுவா தம்பி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டைல்ஸைத் துளைக்கும்வரை ஹேமர் போடாமல், தண்ணீர் விட்டு டிரில்லை மெல்ல ஓட்டினார்கள். ஒரு டைல்ஸும் விரிசல் விடவில்லை. பிறகு சிலிக்கோன் பசை. ஒரு முழு நாள் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லிப் போனார்கள்.

ஜூலை 9

உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிச்சயம். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் போதும். படிந்துவிட்டால் வினிகரில் தண்ணீர் கலந்து துடைக்கலாம். இப்படிக் கதவு வைக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் பாட்டிலை இந்தக் கதவின் பக்கம் கொண்டுவராதீர்கள். கண்ணாடியை அது ஒன்றும் செய்யாது. கீலின் குரோம் பூச்சைத் தின்றுவிடும்.