ஓர் ஒற்று குறைந்த பெயர்

ஜனவரி 8

காலையில் ஒரு திருத்தக் கோரிக்கை வந்திருந்தது. தன் பாட்டியின் பாட்டிக்கு நடந்த திருமணத்தின் பதிவைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார் ஒரு பெண்மணி. மாப்பிள்ளை அகப்பட்டுவிட்டார்: 1858 டிசம்பர் காலாண்டு, லெஸ்டர் மாவட்டம், தொகுதி 7ஏ, பக்கம் 258. மணப்பெண்ணை மட்டும் காணோம். பெயர் ஹன்னா. வீட்டிலுள்ள பழைய பைபிளின் முதல் தாளில் இருவர் பெயரும் அருகருகே எழுதப்பட்டிருக்கின்றனவாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்துவருகிறது. அந்தப் பதிவுகளுக்கான அட்டவணையை வரி வரியாகப் படித்துத் தட்டச்சு செய்து, எவரும் இலவசமாகத் தேடும்படி வைக்கும் தொண்டர் பணிதான் ஃப்ரீபிஎம்டி. 1998இல் தொடங்கியது. மகன் வீட்டோடு லெஸ்டருக்கு வந்த பிறகு நானும் அதில் சேர்ந்தேன். சென்னையில் 31 ஆண்டுகள் அச்சகங்களில் புரூஃப் பார்த்தவள் நான். எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்க்கும் வேலை கைக்குப் பழகியது.

ஜனவரி 9

1912க்கு முந்தைய திருமண அட்டவணையில் கணவன் பெயருக்குப் பக்கத்தில் மனைவி பெயர் இருக்காது. அவரவர் குடும்பப் பெயரின் அகரவரிசையில் ஆளுக்கொரு மூலையில் கிடப்பார்கள். இருவரையும் சேர்த்து வைப்பது மாவட்டம், தொகுதி, பக்கம் ஆகிய மூன்றும்தான். 1852க்குப் பிறகு ஒரு பக்கத்தில் வழக்கமாக இரண்டு திருமணங்கள்; ஆக, நான்கு பெயர்கள்.

பக்கம் 258ஐத் தேடினேன். மூன்று பெயர்கள்தான் வந்தன. பக்கத்து எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். 256இல் நான்கு, 257இல் நான்கு. 253இல் ஐந்து! ஒரு வீட்டில் ஆள் குறைந்து இன்னொரு வீட்டில் கூடியிருந்தால் யார் எங்கே போனார் என்று ஊகிக்கலாம். ஐந்தாவது பெயர் ஒரு பெண்ணுடையது. குடும்பப் பெயர் பைபிளில் உள்ளதேதான்.

ஆனால் கணக்கு சொல்வதை மட்டும் நம்பித் திருத்தக் கூடாது. அட்டவணையின் ஸ்கேனைத் திறந்து, எழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஜனவரி 11

ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாய்ந்த கையெழுத்து. அந்த எழுத்தர் 8 போடும்போது பேனாவை மேலே சுழித்துக் கீழே இறக்கி, இடப்பக்கம் முழுதாக மூடாமல் விட்டுவிடுகிறார். அவசரமாகப் பார்த்தால் 3. அதே தாளில் அவர் எழுதிய மற்ற 8களைத் தேடி எடுத்தேன். எல்லாவற்றிலும் இடப்பக்கம் மயிரிழை போல ஒரு கோடு. அவர் எழுதிய 3இல் அந்தக் கோடு இல்லை. தலையும் தட்டையாக இருக்கிறது. ஐயமில்லை, இது 258.

தட்டச்சு செய்தவரின் அடையாளத்தைப் பார்த்தேன். நான்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் சேர்ந்த புதிதில் செய்த தாள். அதை வேறு யாரும் இரண்டாம் முறை தட்டச்சு செய்திருக்கவில்லை. செய்திருந்தால் இரண்டையும் ஒப்பிடும்போதே வேறுபாடு தெரிந்திருக்கும்.

வெகுநேரம் மனம் ஆறவில்லை. படிக்க முடியாத எழுத்துக்கு எங்களிடம் வழி இருக்கிறது. ஓர் எழுத்து தெரியவில்லை என்றால் அடிக்கோடு. பல எழுத்துகள் தெரியவில்லை என்றால் நட்சத்திரக் குறி. இதுவோ அதுவோ என்றால் இரண்டையும் சதுர அடைப்புக்குள் போட்டுவிடலாம். அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. 3 என்று கண் சொன்னது, கை அடித்தது. சந்தேகப்பட்டு விட்ட இடத்தைப் பின்னால் வருபவர் கவனிப்பார். நிச்சயமாக எழுதிய பிழையை யார் தேடப் போகிறார்கள்? அந்த ஒரு எண்ணால் ஒரு பெண் நான்கு ஆண்டுகள் தன் கணவனிடமிருந்து ஐந்து பக்கம் தள்ளி நின்றிருக்கிறாள்.

ஜனவரி 15

பக்க எண்ணைத் திருத்தியாயிற்று. பெண்மணிக்கு எழுதினேன், தவறு என்னுடையது என்றும் எழுதினேன். அன்றே பதில் வந்தது. நன்றி, அழுதுவிட்டேன் என்றார். கூடவே இன்னொரு வேண்டுகோள். அட்டவணையில் பெயர் 'ஹனா' என்று இருக்கிறது, ஒரு 'ன்' விட்டுப்போயிற்று, அதையும் சேர்த்துவிடுங்கள்.

மீண்டும் ஸ்கேனுக்குப் போனேன். எழுத்தர் எழுதியிருப்பது 'ஹனா'தான். தெளிவாக இருக்கிறது. நானும் அப்படியே அடித்திருக்கிறேன். இதைத் தொடக் கூடாது. கண்ணில் படுவதை அப்படியே தட்டச்சு செய் என்பது இந்தப் பணியின் முதல் விதி. படியெடுத்தவர் பிழையைத் திருத்தலாம். மூலத்தில் உள்ளதைத் திருத்தக் கூடாது.

புரூஃப் பார்த்தவளுக்கு இது எளிதில் வரவில்லை. அச்சகத்தில் கம்பாசிட்டர் விட்ட ஒற்றையும் போடுவோம், ஆசிரியர் விட்ட ஒற்றையும் போடுவோம். வாசகர் கைக்குப் போகும் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய ஏடுகளைப் படித்தவர்கள் வேலையோ வேறு மாதிரி. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டார். ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்களைத் தூக்கி எறியாமல் பாடபேதம் என்று தம் பதிப்புகளில் குறித்து வைத்தார். என் கண்ணுக்குப் பிழையாகத் தெரிவது அடுத்தவருக்குத் தடயமாகலாம். இந்த அட்டவணைக்கு வேண்டியதும் அந்தப் பண்புதான்.

அதற்கு இடமும் இருக்கிறது. பதிவின் ஓரத்தில் குறிப்பு ஒட்டி வைக்கலாம், போஸ்டெம் என்பார்கள். குடும்ப பைபிளில் 'ஹன்னா' என்று உள்ளது என அதில் எழுதலாம். பதிவு பதிவாகவே இருக்கும். பெண்மணிக்கு இது திருப்தியாக இல்லை. திருமணச் சான்றிதழின் நகலுக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். அது வந்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்றார்.

ஜனவரி 20

பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவள். குடும்பப் பெயர் மூட்லி. நடந்ததைச் சொன்னேன். "அப்படிப் பார்த்தால் எங்கள் பெயரே ஒரு தப்புதானே ஆன்ட்டி?" என்றாள்.

டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து டர்பன் துறைக்குப் போய்ச் சேர்ந்தது 1860 நவம்பர் 16இல். 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை இருக்கும். வாயால் சொன்னதைத் தமிழ் தெரியாத காது எப்படி வாங்கியதோ அப்படி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முதலி மூட்லி ஆனார். கவுண்டர் கோவெண்டர் ஆனார்.

அவளிடம் சொன்னேன்: "யாராவது நல்ல எண்ணத்தில் பட்டியல் முழுவதையும் சரியான தமிழ் உச்சரிப்புக்கு மாற்றிவிட்டால் என்ன ஆகும்? உன் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை வைத்துத் தேடினால் உன் கொள்ளுத்தாத்தா கிடைக்கமாட்டார்." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தாத்தாவின் கல்லறையிலும் மூட்லி என்றுதான் வெட்டியிருக்கிறது என்றாள்.

பிப்ரவரி 3

பெண்மணி சான்றிதழின் படத்தை அனுப்பியிருக்கிறார். கடிதம் எதுவும் இல்லை, படம் மட்டும்தான்.

அட்டவணை என்பது படியின் படி. தேவாலயப் பதிவேட்டிலிருந்து காலாண்டுக்கு ஒரு படி லண்டனுக்குப் போகும். அதைப் பார்த்து அட்டவணை எழுதுவார்கள். அதைப் பார்த்து நாங்கள். ஒற்று எந்தப் படியில் விழுந்தது என்று தெரிந்துவிடும் என நினைத்துப் படத்தைத் திறந்தேன். எங்கும் விழவில்லை. சான்றிதழிலும் 'ஹனா'தான். கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதைச் சுற்றி, ஹனாவின் குறி என்று பாதிரியார் எழுதியது.

அவளுக்கு எழுதத் தெரியாது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நாட்டு மணமகள்களில் ஏறக்குறைய பாதிப் பேரும், மணமகன்களில் மூன்றில் ஒரு பங்கினரும் இப்படிக் குறி போட்டவர்கள்தாம். தன் பெயருக்கு எத்தனை 'ன்' என்று அவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டாலும் அவள் சொல்லியிருக்க முடியாது. பாதிரியார் தன் காதில் விழுந்ததை எழுதினார். பைபிளில் எழுதியவர், படித்த பிள்ளையோ பேரனோ, தான் கற்றபடி எழுதினார். இருவரில் எவரையும் நான் திருத்த முடியாது.

பிப்ரவரி 4

இன்று காலை பெண்மணியே எழுதினார். 'ஹனா' என்றே இருக்கட்டும், அந்தக் குறியைத்தான் அவள் தன் கையால் போட்டாள் என்றார்.

குறிப்பை ஒட்டினேன்: குடும்ப பைபிளில் 'ஹன்னா'; திருமணச் சான்றிதழில் 'ஹனா'; மணமகள் குறி இட்டிருக்கிறார். பிறகு, நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தாள்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். அதே எழுத்தர் எழுதியவை மட்டும் பதினேழு. முதல் தாளைத் திறந்து 3களை எண்ணத் தொடங்கினேன்.