உமியும் திராவகமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய எமக்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என்று நண்பர் சிலர் வினவுவதுண்டு. எம்மை அப்பக்கம் ஈர்த்தது ஒரு சொல்லே. இலத்தீன் மொழியில் 'ஃபர்ஃபர்' என்பது தவிடு. ஃபர்ஃபுரால் என்னும் திரவம் அதனாற் பெயர்பெற்றது. தவிட்டெண்ணெய் என மொழிபெயர்க்க விழைந்தோம்; கடைகளில் விற்கும் தவிட்டெண்ணெயோடு மயங்குமாதலின் விடுத்தோம்.

ஜெர்மானிய இரசாயன அறிஞர் டோபரைனர் இதனைக் கண்ட செய்தி 1832-இல் வெளிவந்தது. பிளாட்டினம் தன்மேற்பட்ட ஹைட்ரஜன் வாயுவைத் தீப்பற்றச் செய்தலை 1823-இற் காட்டியவரும் அவரே. தான் செலவாகாது பிற பொருள்களின் வினையை விரைவுபடுத்தும் இத்தன்மைக்கு 1835-இல் பெர்ஸீலியஸ் பெயரிட்டார். அத்தன்மையுடைய பொருளை நாம் வினையூக்கி என்கிறோம். நல்ல சொல்லே, எனினும் செலவாகாமை என்னும் கருத்து அதன்கண் இல்லை. சிக்கலோ அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் அயோவா மாகாணத்துச் சீடர் ராப்பிட்ஸ் நகரில், குவேக்கர் ஓட்ஸ் கம்பெனியார் காலையுணவுக்கென ஓட்ஸ் தானியத்தை உமி நீக்கி வந்தனர். உமி மலைபோற் குவிந்தது. கால்நடைக்கும் அது சத்துள்ள தீனியன்று. 1922-இல் அவ்வுமியினின்று ஃபர்ஃபுராலைப் பேரளவில் ஆக்கத் தொடங்கினர். மூடிய கலத்தில் உமியோடு நீர்கலந்த கந்தகத் திராவகத்தைச் சேர்த்து, அழுத்தமுள்ள நீராவியைச் செலுத்தினர். உமியிலுள்ள ஸைலான், ஸைலோஸ் என்னும் சர்க்கரையாகச் சிதையும். அச்சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃபுராலாகும். நீராவி அதனை வெளிக்கொணரும். வாதுமை மணமுள்ள இத்திரவம் மசகெண்ணெயைச் சுத்திசெய்யவும், பிசின்கள் ஆக்கவும் பயன்பட்டது. இன்று சீன தேசத்தில் மக்காச்சோளச் சக்கையினின்று மிகுதியாக ஆக்குகின்றனர். நம் கரும்புச் சக்கையிலும் ஸைலான் உண்டு.

குப்பை பொன்னாயிற்று என்று இதனைப் புகழ்வாருளர். எமக்கு அதில் முழு உடன்பாடில்லை. திராவகம் செலவாகாதெனின் எங்கே போகும்? கலத்தை அரித்தவாறு எஞ்சிய சக்கையிலும் கழிநீரிலும் தங்கிவிடும். அதனைக் காரமிட்டு முறித்தாலோ உப்பு மிகும். உமிக்கழிவை ஒழிக்கப் புகுந்து, உமியினும் தீய கழிவை ஆக்கினோமாவோம்.

ஆதலின் கரையாத திண்ம வினையூக்கிகளை ஆராய்ச்சியாளர் நாடுகின்றனர். ஸியோலைட்டு என்னும் நுண்துளைக் கனிமம் அவற்றுள் ஒன்று. வினை முடிந்தபின் வடிகட்டி எடுத்துவிடலாம். ஆயினும் சர்க்கரையும் ஃபர்ஃபுராலும் வெப்பத்தில் ஒன்றோடொன்று கூடிக் கரிய பிசினாகி, அத்துளைகளை அடைத்துவிடுகின்றன. காற்றில் எரித்து அப்பிசினை நீக்கலாம். கொதிநீரோ கனிமத்தையே மெல்ல மெல்லக் கரைக்கிறது.