முதல்ல ஆறட்டும்

போன மாதம் வீட்டில் ஒரு பெரிய சண்டை. இன்ஜினியரிங் முடித்ததும் வேலைக்குப் போகப்போவதில்லை, தமிழ் எம்.ஏ. படிக்கப்போகிறேன் என்றேன். அப்பா சத்தம் போட்டார். சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊர் சுவாமிமலை இல்லையா... "இந்த ஊர்ல மகன்தானே அப்பாவுக்குப் பிரணவம் சொல்லிக்கொடுத்தார்?" என்று கேட்டுத் தொலைத்தேன். "அது சாமிடா!" என்று எழுந்து போனவர் நான்கு நாள் பேசவில்லை.

இரண்டாம் நாளே சமாதானம் பேசக் கிளம்பினேன். அம்மா தடுத்துவிட்டாள். "இப்ப போகாத. முதல்ல ஆறட்டும்."

அன்று ராத்திரி அகராதியைப் புரட்டினேன். (எம்.ஏ. படிக்கப்போகிறவன் வேறு என்ன செய்வான்!) சமாதானம் வடசொல். சம், ஆ, தா என்று பிரித்தால் 'ஒன்றாகச் சேர்த்து வைத்தல்' என்று வருகிறது. சமாதி இதன் உடன்பிறப்பு. வேதாந்தத்தில் சமாதானம் என்றால் மனத்தை ஒருமுகமாக நிறுத்துவது. சாதகனுக்கு வேண்டிய ஆறு குணங்களில் ஒன்று. தர்க்கத்தில் ஆட்சேபத்துக்குச் சொல்லும் பதிலும் சமாதானம்தான். லேட்டாக வந்துவிட்டு நாம் 'சமாதானம் சொல்வது' அந்த வழியில் வந்ததுதான் போலிருக்கிறது.

ஆறுதல் அப்படியல்ல. சூடு தணிவதுதான் அதன் அடிப்படை. சோறு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். ஆத்திசூடியில் ஔவையார் சினத்துக்குப் போட்ட வினையும் இதேதான். காவிரி ஆறும் எண் ஆறும் எழுத்தில் ஒன்றானாலும் அகராதியில் தனித்தனிச் சொற்கள். முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால் திருத்தணி என்று தலபுராணம் சொல்லும்; தணிதலும் ஆறுதலுக்குப் பக்கத்து வீடு.

எங்கள் ஊர் சிலைப் பட்டறைகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். ஆறின பிறகுதான் மண்ணை உடைப்பது. பெரிய சிலை என்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு இந்தக் காத்திருப்புதான் பிடிக்காது.

ஐந்தாம் நாள் காலை. அப்பா டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எந்த ஊர்லடா படிக்கப்போற?"

"தஞ்சாவூர்ப்பா."

"ம்."

இன்னும் சரி என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.