ஒரு முகம், பல பெண்கள்

பெங்களூரில் பிறந்த புஷ்பமாலா, பரோடாவில் சிற்பக்கலை பயின்றவர். பின்னாளில் தம் உடலையே கலைக்குரிய பொருளாக்கினார். ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை அவர் உருவாக்கிய படவரிசையின் பெயர், 'தென்னிந்தியச் சுதேசப் பெண்கள்: நடையும் வழக்கமும்' என்று பொருள்படும். ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிய இனவரைவு நூலின் தலைப்பைப் போல ஒலிக்கும் அப்பெயரிலேயே குறும்பு தொடங்கிவிடுகிறது.

ஒரு படத்தில், இரவிவர்மா தீட்டிய இலட்சுமியாகத் தாமரைமேல் நிற்கிறார். நாட்காட்டிகளின் வழியே வீட்டுச் சுவர்களில் குடியேறிய அதே தோற்றம். இன்னொன்றில் வேளாங்கண்ணி மாதா. மற்றொன்றில், திருட்டு வழக்கில் பிடிபட்டுச் செய்தித்தாளில் இடம்பெற்ற பெண். ஒப்பனையும் பின்திரையும் நாடக மேடைக்குரியவை என்பது பார்த்ததும் புலப்படும். அதை மறைக்க அவர் முயலவில்லை. தெய்வம், குற்றவாளி என்று பெண்ணை வகுத்து வைத்த கண் யாருடையது என்பதே அவர் எழுப்பும் வினா.

நெஞ்சில் தைப்பது தோடர் பெண்ணின் படம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆய்வாளர்கள் பழங்குடி மக்களைக் கட்டங்கள் வரைந்த பின்னணியின்முன் நிறுத்திப் படமெடுத்தனர். கட்டங்களை எண்ணி உடலை அளக்கலாம். நின்றவரின் விருப்பத்தைக் கேட்டவர் அரியர். 'இன்ன இனத்துப் பெண்' என்னும் குறிப்பே போதுமானதாகக் கருதப்பட்டது. அத்தகைய கட்டங்களின்முன் புஷ்பமாலா தாமே சென்று நிற்கிறார். இலட்சுமியைக் கண்டு கைகூப்பத் தோன்றிய பார்வை, இங்கே தன்னையறியாமல் அளவெடுக்கத் தொடங்குகிறது. பார்க்கப்படுபவரோ இரு படங்களிலும் அவரேதான்.